நீல நிறப் பின்கதவு

"சேர், பாடத் தெரியாத ஆக்களுக்குக் கதவு திறக்காதோ?"

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சிறுமி என்னிடம் இப்படிக் கேட்டாள். இதிலிருந்து தொடங்கினால்தான் மற்றதைச் சொல்ல முடியும். நான் எழுதப்போவது நடந்தது. யாரோ சொல்லக் கேட்டதல்ல. அந்தக் காருக்குள் நானே இருந்தேன். பொய் சொல்லிப் பயங்காட்டி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் பாவித்த பழைய கார்க் கதவொன்று வாங்கினால், அது எந்தக் காரில் இருந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அச்சுவேலியில் எங்கள் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் அறநெறி வகுப்பு எடுக்கிறேன். அடைத்துக் கிடந்த கோயிற் கதவொன்று, அடியார் ஒருவர் பதிகம் பாடத் தானாகத் திறந்த கதையை அன்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசை வாங்கில் ஒரு புதுப்பிள்ளை இருந்தாள். எட்டு வயதிருக்கும். பக்கத்து ஒழுங்கைப் பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டு வந்தவள். வீடு வன்னிப் பக்கம். செல்வச்சந்நிதி முருகனுக்கு வைத்த நேர்த்தியை முடிக்கத் தாய் தகப்பனோடு வந்து, இங்கே சொந்தக்காரர் வீட்டில் நின்றார்கள். பெயர் வினோஜா என்றாள்.

எங்கள் பிள்ளைகள் கேள்வி கேட்பதென்றால் கையை உயர்த்துவார்கள். இவள் விரல்களை மடக்கி வாங்கில் தட்டினாள்.

டொக்... டொக்...

கொஞ்சம் பொறுத்து, இன்னொரு டொக்.

"உதென்ன, உன்ரை வீட்டுக் கதவே?" என்றான் ஒரு பொடியன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எழும்பி நின்று அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

நான் வாய் திறப்பதற்குள் பூசை மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் எழும்பி ஓடினார்கள்.

"அடுத்த ஞாயிறு சொல்லுறன் பிள்ளை."

"நாங்கள் இண்டைக்குப் பின்னேரம் போறம் சேர்."

"அப்ப திரும்பி வரேக்கை கேள். சொல்லுறன்."

"சரி. வந்து கேக்கிறன்" என்றாள்.

அன்றிரவுதான் என் மனைவி கேதீஸ்வரி மயங்கி விழுந்தாள். சிறுநீரகம் இரண்டும் பழுது என்றார்கள். அதன் பிறகு நான் எந்தப் பிள்ளையின் கேள்வியையும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. சில மாதம் வகுப்புக்கும் போகவில்லை; ஊரில் நடந்தது எதுவும் என் காதில் ஏறவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் அவளை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு இரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப்போக வேண்டும். எங்களிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருக்கிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நானும் அவளும் அந்தக் காரும்தான். பின்னால் இடப்பக்கத்தில் தலையணை வைத்துச் சாய்ந்தபடி அவள் வருவாள். திரும்பி வரும்போது பேசவும் சீவன் இருக்காது.

போன ஐப்பசியில், நீர்வேலியில் வாழைக்குலை ஏற்றி வந்த லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்று, நிறுத்தியிருந்த எங்கள் காரில் இடித்தது. இடப்பக்கப் பின்கதவு அப்படியே உள்ளே மடிந்துவிட்டது. நல்ல வேளை, கேதீஸ்வரி அப்போது காரில் இல்லை. ஓட்டி வந்த பெடியன் அழுதுகொண்டு நின்றான். "போ தம்பி, இனிப் பாத்து ஓடு" என்று அனுப்பிவிட்டேன். கதவைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, மேலே பொலித்தீன் விரித்து ஒட்டினேன்.

பிறகு மழை தொடங்கியது. கார்த்திகை மழை பொலித்தீனுக்கு அடங்குமா? ஒரு வெள்ளிக்கிழமை அவள் நனைந்து, நடுங்கி வீடு வந்து சேர்ந்தாள். காய்ச்சல் பிடித்துக்கொண்டது. டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இன்னொருக்காக் குளிர் பிடிச்சால் இந்த உடம்பு தாங்காது ஐயா" என்றார்.

அந்த மாதிரிக் கார் இப்போது வருவதில்லை. புதுக்கதவு எங்கும் இல்லை. நீர்வேலியில் தகர வேலை பார்க்கிற கோகுலன் பல இடங்களுக்குப் போன் போட்டுத் தேடி, கொடிகாமத்துக்கு அப்பால் பழைய கார்களை உடைத்து விற்கிற ஒரு வளவில் ஒரு கதவைப் பிடித்தான். ஒரு வியாழக்கிழமை பின்னேரம் காரை அவனுடைய கராஜுக்குக் கொண்டுபோனேன். விடிந்தால் வெள்ளி. காலையில் அவளை ஏற்ற வேண்டும். மழை விடுவதாக இல்லை.

கதவு கடும் நீலம். வெள்ளைக் காரில் அதைக் கொழுவியபோது, வேறு யாரோ வந்து நிற்பதுபோல இருந்தது.

"நிறத்தைப் பாக்காதேங்கோ அண்ணை. சாயம் பேந்து அடிக்கலாம். முதல் பொருந்துதோ எண்டு பாப்பம்" என்றான் கோகுலன்.

"எந்தக் காரிலை கழட்டினதாம்?"

"அதை ஆர் கேட்டது? கதவுக்கும் சாதகம் பாத்தே வாங்கிறது?"

"பொருத்தம் பாக்கிறம் எண்டு நீதானே சொல்லுறாய்."

"ஓமோம், பத்துப் பொருத்தமும் பாப்பம். ஒண்டு குறைஞ்சாலும் மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பிறதுதான்."

சிரித்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே பயப்படும்படி ஒன்றுமே இருக்கவில்லை. பக்கத்தில் வாழைத்தோட்டம். மழை ஈரம். கராஜுக்குள் வெளிச்சமான விளக்கு.

கோகுலன் ஒரு பழைய கலியாண அழைப்பிதழ் மட்டையை எடுத்து, கதவுக்கும் காருக்கும் இடையில் உள்ள நீக்கலில் மேலிருந்து கீழே இழுத்தான். எல்லா இடமும் ஒரே இறுக்கமாக வந்தது. மேல் விளிம்பில் மட்டும் நிறுத்தி விரலால் தடவினான்.

"இஞ்சை ஒருக்கா வளைஞ்சு, நிமித்தியிருக்கிறாங்கள். பரவாயில்லை, நல்லாத்தான் நிமித்தியிருக்கு."

அடுத்தது பவுடர். கதவின் ஓரத்து இறப்பரில் பவுடரைத் தடவிக் கதவைச் சாத்தித் திறந்தால், இறப்பர் முட்டுகிற இடமெல்லாம் காரில் வெள்ளைக்கோடு விழும். கோடு அறுந்த இடத்தால் மழை வரும். ஆனால் அவனுடைய பவுடர் பேணி வெறுமையாக இருந்தது.

என் சட்டைப்பையில் சந்நிதியில் வாங்கிய திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. எடுத்து நீட்டினேன்.

கோகுலன் கையைப் பின்னுக்கு எடுத்தான். "சாமியின்ரை திருநீறையோ அண்ணை?"

"வருத்தக்காரிக்குச் செய்யிற வேலைதானே. முருகன் கோவிக்கமாட்டான்."

திருநீறு பூசினால் எதுவும் நல்லதாகும் என்று வளர்ந்தவன் நான். அதைத் தொட்டு ஒன்றில் பூசுவது, அங்கே இருப்பவரை வா என்று கூப்பிடுவதும்தான் என்பதை நான் யோசிக்கவில்லை. நானே என் கையால் அந்தக் கதவைச் சுற்றிப் பூசினேன்.

சாத்தினான். திறந்தான்.

வெள்ளைக்கோடு கதவு வாசலைச் சுற்றி அழகாக விழுந்திருந்தது. மேலே மட்டும், நான்கு இடத்தில் அறுந்திருந்தது. பக்கத்துப் பக்கத்தில். ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலம்.

பெரிய ஆளின் விரல் அல்ல.

"இறப்பர் பழசு" என்றான் கோகுலன். துணியால் துடைத்து, மரக்கட்டை வைத்து மேல் விளிம்பை மெல்லத் தட்டினான். மறுபடி திருநீறு. மறுபடி சாத்தித் திறந்தான்.

முன்பு அறுந்த இடம் இப்போது முழுசாக இருந்தது. ஆனால் அதே நான்கு இடைவெளி, அதே அகலத்தில், ஒரு சாண் தள்ளி இருந்தது. கைபிடி இருக்கிற பக்கமாக.

கோகுலன் என்னைப் பார்க்கவில்லை. பகிடியும் விடவில்லை. "தண்ணி அடிச்சுப் பாப்பம்" என்றான் மெதுவாக. "நீங்கள் உள்ளுக்கை இருந்து, எங்காலை ஒழுகுது எண்டு சொல்லுங்கோ."

மணி ஆறு பத்து. நான் பின் ஆசனத்தில் ஏறினேன். கேதீஸ்வரியின் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தேன். கோகுலன் கதவைச் சாத்தினான். மறுபக்கக் கதவு சுவரோடு ஒட்டி நின்றது. அதைத் திறக்க இடமில்லை.

கிணற்று மோட்டர் இரைந்தது. அவன் பைப்பைப் பிடித்துக் கதவில் அடித்தான். கூரையில் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. கண்ணாடி முழுவதும் வழிந்தது. போன் வெளிச்சத்தைப் பிடித்து இறப்பரைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டும் இறங்கவில்லை. மனம் நிறைந்துபோனது. நாளைக்கு அவள் நனையமாட்டாள்.

அப்போது விளக்கு அணைந்தது.

மோட்டர் இரைச்சல் இறங்கி, இறங்கி, நின்றது.

"கரண்ட் போட்டுது அண்ணை! அப்பிடியே இருங்கோ, ரோச் எடுத்தாறன்." அவனுடைய செருப்புச் சத்தம் சேற்றில் சளக் சளக் என்று வீட்டுப் பக்கமாகப் போனது.

இருட்டில் இருந்தேன். கையில் போன் வெளிச்சம். திரையில் ஆறு இருபத்திரண்டு.

மோட்டர் நின்றுவிட்டது.

தண்ணீர் நிற்கவில்லை.

முதலில் அது எனக்கு விளங்கவில்லை. பைப்பில் மிச்சம் இருந்தது வழிகிறது என்று நினைத்தேன். ஆனால் சத்தம் மேலே இல்லை. கூரையில் இல்லை. கீழே... என் காலடியில்... களக் களக் என்று...

கண்ணாடியைப் பார்த்தேன். தண்ணீர் மேலிருந்து கீழே வழியவில்லை.

கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

கண்ணாடியின் கால்வாசி. பிறகு பாதி. கலங்கிய நிறம். அதில் பாசி மிதந்தது. சேற்று மணம் வந்தது. கிணற்றுத் தண்ணீரில் அந்த மணம் இல்லை. அது கடல்நீரேரியின் மணம்.

கைபிடியை இழுத்தேன்.

அது வந்தது. கதவு வரவில்லை.

மறுபடி இழுத்தேன். தளர்ந்து போய்ப் போய் வந்தது. எதையும் பிடிக்கவில்லை.

முன் ஆசனத்தால் ஏறிப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பிறகு நானும் என்னையே கேட்டேன். அந்த நேரம் எழும்ப முடியவில்லை.

என் மடியில் பாரம் இருந்தது.

குளிர்ந்த பாரம். சின்னப் பாரம். என் நெஞ்சில் தலை சாய்ந்தது போல...

போன் வெளிச்சத்தைக் கீழே திருப்பப் பயந்தேன். திருப்பவில்லை.

முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பதிகம் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒரு வரி நாக்கில் வரவில்லை.

அப்போது...

டொக்... டொக்...

கண்ணாடியில். என் காதுக்குப் பக்கத்தில்.

வெளியே இருந்து அல்ல.

டொக்.

"அண்ணை!"

கதவு திறந்தது. ரோச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. கோகுலன் வெளியே இருந்து ஒரு கையால், சும்மா, திறந்துகொண்டு நின்றான்.

"ஒரு சொட்டும் இறங்கேல்லை போலை. நல்லாப் பொருந்திட்டுது" என்று உள்ளே ரோச் அடித்துப் பார்த்தான். தரை காய்ந்து கிடந்தது. ஆசனம் காய்ந்து கிடந்தது. பிறகு வெளிச்சம் என் மேல் வந்தது. "என்ன அண்ணை, இப்பிடி வேர்த்திருக்கு?"

சட்டை முன்பக்கம் நெஞ்சிலிருந்து மடிவரை ஒட்டிக்கிடந்தது. முதுகுப் பக்கம் காய்ந்திருந்தது. உதட்டை நக்கினேன். உப்பு. வேர்வையும் உப்புத்தான். ஆனால் வேர்வையில் பாசி இருக்காது.

"உள்ளுக்கை இருந்து திறக்கேலாமல் கிடந்தது" என்றேன்.

அவன் கதவின் ஓரத்தைப் பார்த்தான். பின்கதவுகளில், பூட்டுக்குக் கீழே, நகத்தளவில் ஒரு சின்னத் தடி இருக்கும். பிள்ளைகள் ஓடுகிற காரில் கதவைத் திறந்துவிடாமல் இருக்க அதை இறக்கிவிடுவார்கள். இறக்கினால் உள்ளே இருப்பவர் திறக்க முடியாது. வெளியே நிற்பவர்தான் திறக்க வேண்டும்.

தடி இறங்கியிருந்தது.

"சீ, உதை நான் முதலே பாத்திருக்கோணும். வெளியிலை நிண்டே திறந்து சாத்தினபடியாலை தெரியேல்லை" என்று அதை மேலே தட்டிவிட்டான்.

அன்றிரவு காரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேறு என்ன செய்வது? விடிந்தால் வெள்ளி. வேறு கதவு இல்லை.

காலையில் மழை கொட்டியது. கேதீஸ்வரி ஏறிச் சாய்ந்துகொண்டாள். "இப்பதான் வீடு மாதிரிக் கிடக்கு" என்றாள். புத்தூர் தாண்டியிருக்கமாட்டோம்.

"இஞ்சேருங்கோ."

"என்ன?"

"துவாய் ஒண்டு எடுத்துத் தாங்கோ. நனைஞ்சுபோய்க் கிடக்குது, பாவம்."

முன்கண்ணாடியில் பார்த்தேன். அவள் மட்டும்தான் இருந்தாள். ஆனால் அவளுடைய வலது கை, எதையோ சுற்றி அணைத்தபடி, காற்றில் வளைந்து நின்றது. மெல்லத் தட்டிக்கொடுத்தது.

"ஆரப்பா?" என்றேன்.

"ஆற்றையோ பிள்ளை. குளிருது எண்டு சாஞ்சிருக்கு. நீங்கள் றோட்டைப் பாத்து ஓடுங்கோ."

ஆஸ்பத்திரியில் இறங்கும்போது அவளுடைய சேலையின் மடிப்பக்கம் நனைந்திருந்தது. கதவின் ஓரத்தைப் பார்த்தேன். கோகுலன் மேலே தட்டிவிட்ட தடி கீழே இறங்கியிருந்தது. நான் அதை ஏற்றிவிட்டேன். செவ்வாய்க்கிழமை பார்த்தபோது மறுபடி இறங்கியிருந்தது. ஏற்றுவேன். இறங்கும். பிறகு ஏற்றுவதை விட்டுவிட்டேன்.

கதவைக் கழற்றிவிடுவோம் என்று அவளிடம் சொன்னேன்.

"ஏன்? அது ஆருக்கு என்ன செய்தது?"

"உனக்குப் பயமில்லையோ?"

"உந்த மெசினுக்குப் பக்கத்திலை கிடக்கிறதை விடப் பயமே?" அவள் சிரித்தாள். "எங்களுக்குத்தான் ஒண்டும் கிடைக்கேல்லை. உது தானா வந்து கிடக்குது. விடுங்கோ. எனக்கும் ஒரு துணை."

அதன் பிறகு தலையணையோடு ஒரு துவாயும் எடுத்துக்கொண்டு வருவாள். சில நாளில் ஒரு பிஸ்கற் பைக்கற்றும். பிஸ்கற் அப்படியே திரும்பி வரும். ஆனால் நமுத்திருக்கும்.

நான் கும்பிட்டேன். சந்நிதிக்குப் போய் அழுது கும்பிட்டேன். வழியில் கண்ட ஏழைகளுக்கு என்னால் ஆனதைச் செய்தேன். சின்னச் சின்ன நன்மைகள் எங்கேயோ சேர்ந்து ஒரு நாள் கைகொடுக்கும் என்று நம்புகிறவன் நான். இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அவளுடைய கை நரம்புகள் ஒவ்வொன்றாக ஊசிக்கு இடங்கொடுக்க மறுத்தன. உடம்பு வீங்கியது. டொக்டர் இப்போது என்னைத் தனியே கூப்பிடுவதில்லை. சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. கண்ணை மூடிக் கிடந்தவள் திடீரென்று கேட்டாள்.

"ஆரப்பா சேர்?"

"எந்தச் சேர்?"

"உதுக்குச் சேரிட்டை ஒண்டு கேக்கோணுமாம். வந்து கேக்கிறன் எண்டு சொன்னதாம்."

கார் தெருக்கரையில் ஏறி நின்றுவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் அவளிடம் ஒரு நாளும் கதைத்ததில்லை.

திரும்பிப் பார்த்தேன். அவளுடைய மூச்சு மோசமாக இழுத்துக்கொண்டிருந்தது. காரை எடுத்து ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, "இரு, தள்ளுவண்டிலுக்குச் சொல்லிப்போட்டு ஓடியாறன்" என்றேன்.

"நீங்கள் வந்து திறக்குமட்டும் நாங்கள் இருப்பம்" என்றாள்.

நான் ஆளோடு திரும்பி ஓடிவந்து கதவைத் திறந்தபோது அவள் போய்விட்டாள். வலது கை மட்டும் வளைந்தபடியே இருந்தது. அதை நிமிர்த்த முடியவில்லை.

செத்தவீடு முடிந்தது. சாம்பலைக் கீரிமலையில் கரைத்தேன். கார் முற்றத்தில் நின்றது. ஒரு நாள் கவனித்தேன். இடப்பக்கப் பின்பகுதி பதிந்திருந்தது. யாரோ ஏறி இருக்கிற கார் போல.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு அதைக் கோகுலனிடம் கொண்டுபோனேன். அவன் காருக்குக் கீழே படுத்துப் பார்த்தான். பின் ரயரை உதைத்துப் பார்த்தான்.

"ஸ்பிறிங் நல்லாக் கிடக்கு அண்ணை. ரயரிலை காத்தும் கிடக்கு." எழும்பிக் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே நின்றான். "உங்களிட்டை ஒண்டு சொல்லோணும். அக்கா இருக்கேக்கை சொல்ல மனம் வரேல்லை. அண்டைக்கு அந்தத் திருநீறிலை விழுந்ததைப் பாத்தாப்பிறகு எனக்கும் நித்திரை இல்லை. பேந்து அந்த உடைக்கிற வளவுக்குப் போய்க் கேட்டனான்."

நான் கராஜ் வாங்கில் இருந்தேன்.

"தொண்டைமானாத்திலை, அந்த நீலக் கார் சந்நிதியாலை திரும்பி வரேக்கை, மழைக்கை மாடொண்டு குறுக்காலை வந்திருக்கு. ஓட்டின தகப்பன் வெட்டித் திருப்பினவர், கார் ஆத்துக்கை இறங்கிட்டுது. முன்னாலை இருந்த தாய் தகப்பனைச் சனம் இழுத்துப் போட்டுது. ரெண்டு பேருக்கும் நினைவில்லை. பின்னாலை ஒரு பிள்ளை இருக்கெண்டு ஆருக்கும் தெரியாது. சனம் கரையிலை நிண்டு கார் தாழுறதைப் பாத்துக்கொண்டுதான் நிண்டது."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பிள்ளை கதவைத் திறந்து விழுந்திடும் எண்ட பயத்திலை, தகப்பன்தான் அந்தத் தடியை இறக்கி விட்டவராம். கார் அடிபட்டதிலை கதவின்ரை மேல் விளிம்பு வளைஞ்சு நீக்கல் விட்டிருக்கு. தூக்கியெடுக்கேக்கை நாலு விரல் அந்த நீக்கலாலை வெளியிலை கிடந்ததாம். கதவுக்கு ஒண்டும் இல்லை. வெளியிலை நிண்ட ஒருத்தர் கையை வைச்சிருந்தால் திறந்திருக்கும்."

"எங்கத்தைப் பிள்ளை?"

"வன்னியாம். அண்டைக்குக் காலமை அச்சுவேலியிலை சொந்தக்காரர் வீட்டிலை நிண்டதுகள். வினோஜா எண்டு பேர்."

"எப்ப?" என்று கேட்டேன். கேட்கத் தேவையிருக்கவில்லை.

"மூண்டு வரியம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்."

கதவைக் கழற்றட்டா என்று கோகுலன் கேட்டான். வேண்டாம் என்றேன்.

அங்கிருந்து நேரே தொண்டைமானாற்றுக்குப் போனேன். உச்சி வெயில். தெருவில் ஒரு நாயும் இல்லை. பெயர்தான் ஆறு; கடல்நீரேரி அசையாமல் கிடந்தது. தண்ணீருக்குக் கிட்ட, இடப்பக்கம் தண்ணீரைப் பார்க்கும்படி காரை நிறுத்தினேன். இயந்திரத்தை நிறுத்தினேன்.

டொக்... டொக்...

கொஞ்சம் பொறுத்து,

டொக்.

நான் இறங்கிச் சுற்றி வந்து, அந்த நீலக் கதவுக்கு முன்னால் நின்றேன். கண்ணாடிக்குள்ளே கேதீஸ்வரியின் தலையணையும் துவாயும் மட்டும் தெரிந்தன.

"பிள்ளை வினோஜா" என்றேன். "நீ கேட்டதுக்குப் பதில் சொல்ல வந்தனான். பாடத் தெரியாத ஆக்களுக்குக் கதவு தானாத் திறக்காது. வெளியிலை நிக்கிற ஆரும் ஒராள்தான் வந்து திறந்துவிடோணும்."

இன்னும் சொல்ல நினைத்தேன். அன்றைக்கு அந்த ஒருவர் ஏன் வரவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதனால் அதைச் சொல்லவில்லை.

கையை வைத்துக் கதவைத் திறந்தேன். முழுவதும் திறந்து பிடித்துக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. காற்றுக்கூட இல்லை.

பிறகு கார் மெல்ல அசைந்து, இடப்பக்கம் கொஞ்சம் எழும்பியது. ஒரு சின்னப் பிள்ளை இறங்கினால் எவ்வளவு எழும்புமோ, அவ்வளவு.

நான் கதவைச் சாத்தப் போனேன்.

கார் இன்னொரு தரம் அசைந்தது. இந்த முறை மெதுவாக, நோக நோக எழும்பியது. ஆஸ்பத்திரி வாசலில் ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் நான் கை கொடுத்து இறக்கிவிடும்போது அது எப்படி எழும்புமோ, அப்படியே.

என் கை தானாக நீண்டது. பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

தண்ணீர்க்கரைச் சேற்றில் அடையாளம் எதையும் நான் தேடவில்லை. சந்நிதியில் உச்சிப் பூசை மணி அடித்து ஓயும்வரை கதவைத் திறந்து பிடித்தபடி நின்றேன். பிறகு ஆசனத்தைப் பார்த்தேன். தலையணை இருந்தது.

துவாய் இல்லை.